எல்லை உள்ள பள்ளியும் எல்லை இல்லாத பள்ளியும்: அமெரிக்கச் சிற்றூர்க் கால்பந்தின் தீராத வழக்கு

2016ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வாஷிங்டன் மாகாணம் எவரெட் நகரில் உள்ள ஆர்ச்பிஷப் மர்ஃபி என்ற கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி களத்தில் இறங்காமலேயே வாரந்தோறும் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தது. எதிரணிகள் ஆட வரவில்லை. பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் அந்த அணி 170 புள்ளிகள் எடுத்திருந்தது. எதிரிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. அதைப் பார்த்த சௌத் விட்பி உள்ளிட்ட அண்டைப் பள்ளிகள், தங்கள் பிள்ளைகளுக்கு அடிபடும் என்று சொல்லி ஆட்டங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன.

விதிப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. மர்ஃபி ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கொண்ட பெரிய பள்ளியும் அல்ல. ஒரே லீக்கில் இருந்த சிறிய பள்ளிகளுக்கிடையே இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? அமெரிக்காவில் ஏறக்குறைய ஒவ்வொரு மாகாணத்திலும் ஏதாவது ஒரு வடிவில் இந்தக் கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது. "அரசுப் பள்ளிகளுக்குத் தனிக் கோப்பை", "தனியார் பள்ளிகளுக்குப் பெருக்கல் எண்", "உறுப்பினர் வாக்கெடுப்பு" என்று வரும் செய்திகள் வெளியிலிருந்து படிப்பவருக்குத் தலையும் வாலும் இல்லாமல் தெரியும். அடிப்படையிலிருந்து போனால்தான் புரியும்.

யார் எந்தப் பள்ளியில் படிக்கிறார்

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஆளை ஆள் மோதித் தள்ளி ஆடும் அமெரிக்க ஆட்டம். ஒரு நேரத்தில் அணிக்கு 11 பேர். ஆனால் பந்தை முன்னெடுத்துச் செல்லும்போது ஒரு 11 பேர், எதிரியைத் தடுக்கும்போது வேறு 11 பேர் என்று இரண்டு கூட்டங்கள் தேவைப்படும் ஆட்டம் இது. நாடு முழுவதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அதிக மாணவர்கள் ஆடும் விளையாட்டு இதுதான்.

அரசுப் பள்ளிகள் 'பள்ளி மாவட்டம்' என்ற அமைப்பின் கீழ் வருகின்றன. இது நம் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. பல இடங்களில் ஒரு சிற்றூரும் சுற்றியுள்ள பண்ணைகளும் சேர்ந்ததே ஒரு பள்ளி மாவட்டம். அந்த எல்லைக்குள் குடியிருப்பவரின் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கும். பள்ளிச் செலவின் கணிசமான பகுதி அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலங்களின் மீதான சொத்து வரியிலிருந்து வருகிறது. இப்படிச் சொத்து வரியை அளவுக்கு மீறி நம்பியிருப்பது மாகாண அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997லேயே டிரால்ஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் ஏழை ஊர், பணக்கார ஊர் என்ற வேறுபாடு ஒழிந்துவிடவில்லை என்பது வேறு கதை.

தனியார் பள்ளிக்கு இந்த எல்லை கிடையாது. இவற்றில் பல கத்தோலிக்கத் திருச்சபையுடன் தொடர்புடையவை, கட்டணம் வாங்குபவை. எந்த ஊர்ப் பிள்ளையையும் சேர்க்கலாம், வேண்டாதவரைச் சேர்க்க மறுக்கலாம், கட்டணம் கட்ட முடியாதவருக்கு உதவித்தொகையும் தரலாம்.

போட்டிகளை நடத்துவது மாகாண அளவிலான பள்ளி விளையாட்டுச் சங்கங்கள். தேசிய அளவில் கூட்டமைப்பு ஒன்று ஆட்ட விதிகளை எழுதுகிறது. ஆனால் எந்தப் பள்ளி எந்தப் பிரிவில் ஆடும், யாருக்கு எந்தக் கோப்பை என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தந்த மாகாணச் சங்கமே. ஆகவே இந்த வழக்குக்கு நாடு தழுவிய ஒரே தீர்ப்பு என்றைக்கும் வரப்போவதில்லை.

தலையை எண்ணிப் பிரித்தால் என்ன கோளாறு

பெரிய பள்ளியும் சிறிய பள்ளியும் மோதக் கூடாது என்பதற்காகச் சங்கங்கள் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிவுகள் வகுக்கின்றன. ஒஹாயோவில் 2013 முதல் கால்பந்துக்கு ஏழு பிரிவுகள். முதல் பிரிவில் மிகப் பெரிய பள்ளிகள், ஏழாவதில் மிகச் சிறியவை. எளிய முறை, யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கை சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன.

1. எந்தக் குளத்திலிருந்து எடுத்த எண்ணிக்கை என்பது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சிற்றூர் அரசுப் பள்ளியில் 150 பையன்கள், நகரத் தனியார் பள்ளியிலும் 150 பையன்கள். முதல் பள்ளியின் 150 பேர் அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எல்லாப் பையன்களும். இரண்டாவதன் 150 பேர், அரை மணி நேரப் பயணத் தொலைவில் வாழும் பல ஆயிரம் பையன்களிலிருந்து வந்தவர்கள். தலைக்கணக்கு ஒன்றுதான், ஆனால் ஆறடி மூன்றங்குல உயரமும் பெருத்த உடலும் உள்ள பையன்கள் ஐந்து பேர் கிடைக்கும் வாய்ப்பு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல.

2. எண்ணப்படுபவர்களில் எத்தனை பேர் ஆடக்கூடியவர்கள் என்பது. அரசுப் பள்ளி எல்லாரையும் ஏற்றே ஆக வேண்டும். பள்ளி விட்டதும் பண்ணை வேலைக்குப் போகிறவன், படிப்பைப் பாதியில் விடப்போகிறவன், தீவிர உடல்நலக் குறைபாடு உள்ளவன் அனைவரும் அந்த 150இல் அடக்கம். கட்டணம் கட்டிச் சேர்த்த பெற்றோரின் பிள்ளைகள் விளையாட்டில் சேரும் விகிதம் பொதுவாகவே அதிகம்.

3. அணியின் ஆழம். இதுதான் ஆர்ச்பிஷப் மர்ஃபி விவகாரத்தின் உண்மையான உள்ளடக்கம் என்று நினைக்கிறேன். முப்பது பேர் கொண்ட சிற்றூர் அணியில் நல்ல ஆட்டக்காரர்கள் தாக்குதலிலும் ஆட வேண்டும், தடுப்பிலும் ஆட வேண்டும். எண்பது, தொண்ணூறு பேர் கொண்ட அணியில் ஆளுக்கு ஒரு வேலை. இடைவேளை வரை ஆட்டம் சமமாகத் தோன்றும். மூன்றாவது கால்பகுதியில் ஓயாமல் ஓடியவன் களைத்துப்போவான். எதிரே புதிதாக இறங்கியவன் நிற்பான். காயங்களும் அந்த நேரத்தில்தான் கூடும். கூடைப்பந்தில் ஐந்து நல்ல பையன்கள் இருந்தால் ஒரு கிராமம் யாரையும் தோற்கடித்துவிடலாம். கால்பந்தில் அந்த அதிசயம் அரிது.

மாசிலனின் ஆறு இறுதிப் போட்டிகள்

ஒஹாயோவின் மாசிலன் ஏறக்குறைய 32,000 பேர் வாழும் பழைய எஃகு ஆலை நகரம். கால்பந்துக்கு அந்த ஊர் கொடுக்கும் இடம் அமெரிக்காவிலேயே புகழ்பெற்றது. ஊர் மருத்துவமனையில் பிறக்கும் ஆண் குழந்தைக்குச் சிறிய கால்பந்து ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. தொழில்முறைக் கால்பந்தின் முன்னோடிப் பயிற்சியாளர்களில் ஒருவரான பால் பிரவுன் 1932 முதல் 1940 வரை இந்த ஊர் அரசுப் பள்ளியின் அணியைத்தான் பயிற்றுவித்தார். அரங்கம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. மாகாண சாம்பியனைக் கருத்துக் கணிப்பின் மூலம் தேர்ந்தெடுத்த பழைய நாட்களில் மாசிலன் சேர்த்த பட்டங்கள் இருபதுக்கும் மேல்.

1972இல் ஒஹாயோ நாக் அவுட் சுற்றைத் தொடங்கியது. அதற்குப் பிறகு மாசிலன் ஆறு முறை இறுதிப் போட்டிக்கு வந்து ஆறு முறையும் தோற்றது. 1980இலும் 1982இலும் சின்சினாட்டியின் மோலர் பள்ளியிடம். 2005இல் செயின்ட் சேவியரிடம். 2018இல் ஆக்ரன் நகரின் ஆர்ச்பிஷப் ஹோபனிடம். 2019இல் லா சாலிடம். 2020இல் மறுபடியும் ஹோபனிடம். ஆறும் கத்தோலிக்கப் பள்ளிகள். 2023இல்தான் ஏழாவது முயற்சியில், அதே ஹோபனை 7-2 என்ற கணக்கில் வென்று மாசிலன் முதல் நாக் அவுட் பட்டத்தை எடுத்தது. அந்த ஊரில் அது வெறும் கோப்பையாகக் கொண்டாடப்பட்டிருக்காது என்று சொல்லத் தேவையில்லை.

இதைக் கேட்டதும் "அப்படியானால் தனியார் பள்ளிகள் ஆள் பிடிக்கின்றன" என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஆள் பிடிப்பதும் ஆள் வருவதும்

விளையாட்டுக்காக மாணவரை வலை வீசிப் பிடிப்பதை மாகாணச் சங்கங்கள் தடை செய்கின்றன. இந்தத் தடை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997இல் டென்னசியின் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர், அடுத்த ஆண்டு தங்கள் பள்ளியில் சேரவிருந்த எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வரும்படி கடிதம் எழுதினார். டென்னசி சங்கம் பள்ளிக்கு 3,000 டாலர் அபராதமும் நாக் அவுட் சுற்றுகளில் ஆட இரண்டாண்டுத் தடையும் விதித்தது. பள்ளி பேச்சுரிமையைக் காட்டி வழக்குப் போட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில், இத்தகைய சங்கம் அரசின் கையாகவே செயல்படுகிறது, எனவே அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றது. 2007இல் வழக்கு மீண்டும் வந்தபோது, தடை விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டம் தெளிவாகிவிட்டது. சிக்கல் தீரவில்லை. தொடர்ந்து வெல்லும் பள்ளிக்குக் கடிதமே எழுத வேண்டியதில்லை. வெற்றியைப் பார்த்துப் பெற்றோர் தாமாகவே பிள்ளையை அழைத்து வருவார்கள். பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் எங்கே வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இதில் எந்த விதியும் மீறப்படவில்லை. ஆகவே "யார் ஏமாற்றுகிறார்" என்று தேடிக்கொண்டிருக்கும் வரை இந்தப் பிரச்சினை பிடிபடாது. எல்லை உள்ள பள்ளிக்கும் எல்லை இல்லாத பள்ளிக்கும் ஒரே அளவுகோலைப் போடுவதுதான் மூலக் கோளாறு.

மாகாணங்கள் எடுத்த வழிகள்

1. கதவை மூடுவது. டெக்சஸின் பள்ளி விளையாட்டுச் சங்கமான யுஐஎல் தனியார் பள்ளிகளைச் சேர்ப்பதில்லை. அவற்றுக்கு டாப்ஸ் முதலிய வேறு அமைப்புகள் உண்டு. விதிவிலக்கு டாலஸ் ஜெசூயிட், ஹூஸ்டனின் ஸ்ட்ரேக் ஜெசூயிட் என்ற இரண்டு பள்ளிகள். 2003இல் உள்ளே வந்த அவை மிகப் பெரிய அரசுப் பள்ளிகளோடுதான் மோதுகின்றன. சிற்றூர்களுக்கு அவற்றால் தொல்லை இல்லை.

2. கோப்பையைப் பிரிப்பது. லூசியானா 2013இல் கால்பந்து நாக் அவுட் சுற்றை இரண்டாகப் பிரித்தது: தேர்ந்து சேர்க்கும் பள்ளிகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. நியூ ஜெர்சியிலும் தனித்தனிச் சுற்றுகள். புகார் ஒரே இரவில் நின்றுவிடும். ஆனால் பெரியவனை வீழ்த்திவிட்டோம் என்று சொல்லும் வாய்ப்பும் போய்விடும். 2023இல் மாசிலன் பெற்ற வெற்றி லூசியானாவில் நடந்திருக்க வழியே இல்லை.

3. பெருக்கல் எண். இல்லினாய் 2005 முதல் எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கியது. 300 மாணவர் உள்ள பள்ளி 495 பேர் உள்ளதாகக் கணக்கிடப்பட்டு மேல் பிரிவுக்குப் போகும். மிசூரியும் அலபாமாவும் 1.35 என்று வைத்தன. இந்த எண்ணுக்குப் பின்னால் ஆழமான அறிவியல் எதுவும் இல்லை; பேரம் பேசி எட்டிய எண் என்றே சொல்லலாம். அதைவிடப் பெரிய குறை, எப்போதும் வெல்லும் தனியார் பள்ளியும் வருடம் முழுவதும் தோற்கும் சின்னஞ்சிறு திருச்சபைப் பள்ளியும் ஒரே எண்ணால் பெருக்கப்படுவது. இல்லினாய் பின்னர் தோற்கும் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

4. வெற்றிக்கு ஏற்ப உயர்த்துவது. இண்டியானாவின் வழி இது. யார் தனியார், யார் அரசு என்றே பார்ப்பதில்லை. இரண்டாண்டு காலத்தில் நாக் அவுட் சுற்றுகளில் குறிப்பிட்ட புள்ளிகளுக்கு மேல் சேர்த்தால் மேல் பிரிவு. இண்டியானாபொலிஸின் கதீட்ரல் பள்ளி 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் பட்டம் வென்றது, மேலே தள்ளினார்கள். 2013, 2014இல் அங்கேயும் அதுவே பட்டம் வென்றது. நேர்மையான முறைதான். ஆனால் அண்ணன்மார் வென்றுவிட்டுப் படிப்பு முடித்துப் போக, அதன் சுமையைத் தம்பிமார் தாங்க வேண்டியிருக்கிறது.

5. ஆளாளுக்குக் கணக்குப் பார்ப்பது. இது ஒஹாயோவின் வழி. பலரும் குழப்பிக்கொள்வது இதைத்தான்.

ஒஹாயோ உறுப்பினர் பள்ளிகள் கோப்பையைப் பிரிக்கும் யோசனையை 1978, 1993 இரண்டு முறையும் நிராகரித்தன. பிறகு 'போட்டிச் சமநிலை' என்ற பெயரில் திட்டங்கள் வந்தன. 2011, 2012, 2013 மூன்று ஆண்டும் வாக்கெடுப்பில் தோற்று, 2014இல் நிறைவேறி, 2017இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பள்ளியைப் பார்க்காமல் அணிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாணவனையும் பார்க்கிறார்கள். ஏழாம் வகுப்பிலிருந்தே அந்தப் பள்ளி அமைப்புக்குள் வளர்ந்தவனுக்குக் கூடுதல் சுமை இல்லை. வெளியிலிருந்து வந்தவனுக்கு அதிகச் சுமை. இடைப்பட்டவனுக்கு இடைப்பட்ட சுமை. இவற்றைக் கூட்டிப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பிரிவைத் தீர்மானிக்கிறார்கள். அரசுப் பள்ளிக்கும் இது பொருந்தும் என்பதே முக்கியம். ஒஹாயோவில் 'திறந்த சேர்க்கை' சட்டப்படி அரசுப் பள்ளிகளும் பிற மாவட்டப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தால் அவற்றுக்கும் அதே சுமை.

என் கணிப்பில் ஐந்து வழிகளில் நோயின் வேருக்கு மிக அருகில் நிற்பது இதுதான். பள்ளி நிர்வாகிகளுக்குக் காகித வேலை அதிகம், ரசிகர்களுக்குப் புரிவதில்லை. ஆகவே யாருக்கும் பிடிப்பதில்லை.

தனியார் பள்ளிகள் சொல்வதில் நியாயம் எவ்வளவு

அவர்களின் வலுவான வாதம் மேரியன் லோக்கல். ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில் மெர்சர் கவுன்டியில், மரியா ஸ்டைன் என்ற சிற்றூரில் உள்ள சிறிய அரசுப் பள்ளி அது. பண்ணைக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. 2000 முதல் 2024 வரை 15 முறை மாகாணப் பட்டம் வென்றிருக்கிறது. அத்தனையும் ஒரே தலைமைப் பயிற்சியாளரின் கீழ், சிறிய பள்ளிகளுக்கான பிரிவுகளில். சிற்றூர்ப் பள்ளியால் முடியாது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி சரிதான். ஆனால் ஒரு பள்ளியால் முடிந்தது என்பது நூறு பள்ளிகளின் நிலைமையைச் சொல்லாது. இன்னொன்றும் உண்டு: இண்டியானா முறை ஒஹாயோவில் இருந்தால், ஊர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்து வென்ற மேரியன் லோக்கல்தான் முதலில் மேலே தள்ளப்படும்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. நல்ல பள்ளி மாவட்டத்தில் வீடு வாங்க வசதி வேண்டும். அந்த வீட்டு விலையே ஒரு வகைப் பள்ளிக் கட்டணம்தான். கொலம்பஸ், சின்சினாட்டி புறநகர்களின் பணக்கார அரசுப் பள்ளிகளுக்குத் தாளில் எல்லை இருக்கலாம். பையனை நல்ல அணியில் சேர்க்க விரும்பும் வசதியுள்ள குடும்பம் அங்கே குடியேறிவிடும். இந்த வாதத்துக்குச் சிற்றூர்களிடம் நல்ல பதில் இல்லை. உண்மையில் சிற்றூர்களின் குறை இந்தப் புறநகர்கள் மீதும் இருக்க வேண்டும்; ஆனால் பெரிய பள்ளிகளான அவை மேல் பிரிவுகளில் இருப்பதால் நேருக்கு நேர் மோதல் நேர்வதில்லை, கோபமும் அங்கே போவதில்லை.

மூன்றாவதாக, எல்லாத் தனியார் பள்ளிகளும் ஹோபனோ மோலரோ அல்ல. மாணவர் குறைந்து மூடும் நிலையில் இருக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் உண்டு. பட்டம் வெல்லும் ஒரு டஜன் பள்ளிகளை வைத்து எல்லாரையும் தண்டிப்பது சரியா என்று அவை கேட்கின்றன.

வவுச்சர் வந்த பிறகு

இதுவரை சிற்றூர்ப் பையனைத் தனியார் பள்ளியிலிருந்து தள்ளி வைத்திருந்தவை இரண்டு: தொலைவும் கட்டணமும். கட்டணம் என்ற தடுப்பை ஒஹாயோ அரசு 2023இல் பெருமளவு தளர்த்தியது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசே பணம் தரும் எட்சாய்ஸ் என்ற கல்வி வவுச்சர் திட்டம் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வறுமைக்கோட்டு வருமானத்தின் நாலரை மடங்கு வரை சம்பாதிக்கும் குடும்பத்துக்கும் முழுத் தொகை. முதல் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு அது 8,407 டாலர். 2025 ஜூனில் ஃபிராங்ளின் கவுன்டி நீதிபதி ஒருவர் இத்திட்டம் மாகாண அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். எனினும் மேல்முறையீடு நடக்கும்வரை திட்டம் தொடரவும் அனுமதித்தார்.

கால்பந்தில் இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் வவுச்சரோடு தனியார் பள்ளிக்குப் போகும் சிற்றூர்ப் பையன், ஒஹாயோ விதிப்படி புதிய பள்ளிக்கு அதிகச் சுமையைக் கொண்டுவருகிறான். அது போன்ற சிலர் சேர்ந்தால் அந்தப் பள்ளி ஒரு பிரிவு மேலே போகலாம். முறை அந்தப் பக்கம் வேலை செய்கிறது. அவன் விட்டுப்போன பள்ளிக்கோ எந்த ஈடும் இல்லை. அங்கே தலைக்கணக்கில் ஒன்று குறைகிறது. அணிப் பட்டியலில் குறைவது ஒருவேளை இரண்டு பக்கமும் ஆடிய ஒரே பெரிய பையன். தலைக்கணக்கு மேலும் குறைந்தால் பள்ளி ஒரு பிரிவு கீழே இறங்கலாம். ஏற்கெனவே ஏழாம் பிரிவில் இருக்கும் பள்ளிக்கு இறங்க இடமில்லை. 11 பேரைப் பாதுகாப்பாகக் களமிறக்க முடியாத நிலை வந்தால் அது பக்கத்து ஊரோடு சேர்ந்து கூட்டணி அமைக்க வேண்டும், அல்லது ஒஹாயோவில் விரல் விட்டு எண்ணக்கூடிய பள்ளிகளே ஆடும் எட்டுப் பேர் ஆட்டத்துக்கு மாற வேண்டும்.